எட்கர் வாலஸின் அறிவியல் கதைகளோடு ஏழு வருஷம்

எட்கர் வாலஸ் என்ற பெயரை நான் முதலில் பார்த்தது 1933ஆம் வருஷத்து கிங் காங் படத்தின் ஆரம்ப எழுத்துகளில். யார் இவர் என்று தேடப் போனால், 170க்கும் மேல் நாவல் எழுதிய மனிதராக இருந்தார். பெரும்பாலும் கொலை, பிளாக்மெயில், லண்டன் போலீஸான ஸ்காட்லாந்து யார்ட். அந்தக் குவியலுக்குள் அறிவியல் புனைகதை என்று சொல்லத்தக்கவை பத்துப் பன்னிரண்டு தேறும். கடந்த ஏழு வருஷமாக அவற்றைத் தேடித் தேடிப் படித்து, சிலவற்றை மூன்று தடவைகூட வாசித்தாகிவிட்டது. படிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

ஆரம்பித்தது பிளானடாய்ட் 127. 1924இல் சிறுவர் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்து, 1929இல் புத்தகமானது. சின்னக் கதைதான், ஒரு ராத்திரியில் முடிந்துவிடும். நம் பூமி போகும் அதே பாதையில், சூரியனுக்கு நேர் மறுபுறத்தில், இன்னொரு பூமி ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் சூரியன் மறைப்பதால் நாம் அதைப் பார்த்ததே இல்லை. பேராசிரியர் கோல்சன் என்ற பெரியவர் மட்டும் ரேடியோவில் அந்த உலகத்தோடு பேசிக்கொண்டிருக்கிறார். இந்தக் கற்பனை வாலஸுடையதல்ல. பித்தாகரஸ் வழிவந்த கிரேக்கர்கள் எதிர்ப்பூமி என்ற ஒன்றைக் கிறிஸ்துவுக்கு முன்பே பேசியிருக்கிறார்கள். வானியல் கணக்கில் அது நிற்காது. அங்கே ஒரு கிரகம் இருந்தால் அதன் ஈர்ப்பு வெள்ளியின் பாதையையே அசைத்துக் காட்டிக் கொடுத்திருக்கும். 2006இல் நாசா ஏவிய ஸ்டீரியோ விண்கலங்கள் சூரியனின் மறுபக்கம்வரை பார்த்துவிட்டன, அப்படி எதுவும் அங்கே இல்லை.

சரி, அதனால் என்ன? என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. அங்கே நடப்பது இங்கேயும் நடக்கும், ஆனால் அங்கே கொஞ்சம் முந்தி நடந்துவிடும். இன்னொரு உலகத்தைக் கண்டுபிடித்த மனிதர் அந்தச் செய்தியை வைத்து என்ன செய்கிறார் தெரியுமா? பங்குச் சந்தையில் பணம் பண்ணுகிறார். அவருக்கு எப்படி எல்லாம் முன்கூட்டியே தெரிகிறது என்று ஹில்ட்ரெத் என்ற பணமுதலை மோப்பம் பிடிக்க, கதை துப்பாக்கிக்குப் போகிறது. முதல் தடவை படித்தபோது இது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு பெரிய வானத்தைத் திறந்துவிட்டு, ஷேர் மார்க்கெட்டுக்குள்ளா நுழைவது என்று வருத்தப்பட்டேன். அதன் அர்த்தம் புரிய எனக்கு இரண்டு வருஷம் ஆனது. புரிய வைத்தது அவருடைய வாழ்க்கை வரலாறு.

1902. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷாருக்கும், டச்சு வழிவந்த போயர்களுக்கும் நடந்த போயர் யுத்தம் முடிகிற சமயம். வாலஸ் அப்போது லண்டன் டெய்லி மெயிலின் நிருபர். வெரினிகிங்கில் முள்வேலிக்குள் சமாதானப் பேச்சு நடக்கிறது. பத்திரிகைக்காரர்கள் கிட்டே போக முடியாது, தந்திகள் எல்லாம் பிரிட்டிஷ் தளபதி கிச்சனரின் தணிக்கை வழியாகத்தான் போக வேண்டும். வாலஸ் என்ன செய்தார் என்றால், முகாமுக்குள் காவலில் இருந்த பழைய பட்டாளத்து நண்பர் ஒருவரிடம் கைக்குட்டைகளைக் கொடுத்து வைத்தார். தினமும் முகாமை ஒட்டிப் போகும் ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். நண்பர் எந்த நிறக் கைக்குட்டையால் மூக்கைத் துடைக்கிறார் என்று பார்ப்பது மட்டும்தான் வேலை. வெள்ளைக் கைக்குட்டை வெளியே வந்தால் சமாதானம் உறுதி. அந்தச் செய்தியை லண்டனுக்குத் தந்தியடித்தது எப்படி? பங்கு வாங்கல் விற்றல் பற்றிய வியாபாரத் தந்தி மாதிரி. தணிக்கை அதிகாரி அதைத் தங்கச் சுரங்கக் கணக்கு என்று நினைத்து விட்டுவிட்டார். அரசாங்கம் வாயைத் திறக்கும் முன்பே டெய்லி மெயிலுக்கு விஷயம் போய்விட்டது. கிச்சனர் கோபத்தில் அவருடைய போர் நிருபர் உரிமையையே பறித்தார்.

இதைப் படித்த அன்றே பிளானடாய்ட் 127ஐ மறுபடி எடுத்தேன். கோல்சனின் ரேடியோ அந்த ரயில் ஜன்னல்தான். யாருக்கும் தெரியாத தூரத்திலிருந்து, எல்லோருக்கும் முந்தி, ஒரு செய்தி ஒருவருக்கு வந்து சேருகிறது. அதை அவர் பங்குச் சந்தை மொழியில் காசாக்குகிறார். வாலஸுக்கு விஞ்ஞானத்தில் இருந்த ஈர்ப்பு முழுக்க அங்கேதான். கருவி எப்படி வேலை செய்கிறது என்று அவர் ரொம்பக் கவலைப்படுவதில்லை. யாருக்கு முதலில் தெரிகிறது, தெரிந்தவர் அதை வைத்து என்ன செய்கிறார், தெரியாமல் இருக்கிறவர்களுக்கு என்ன ஆகிறது, இந்த மூன்றுதான் அவருடைய கேள்வி. இந்தச் சாவி கையில் இருந்தால் மற்ற புத்தகங்களும் திறந்துகொள்ளும்.

தி கிரீன் ரஸ்ட் (1919) என் இரண்டாவது பரிந்துரை. டாக்டர் வான் ஹீர்டன் என்ற ஜெர்மானியர் கோதுமைப் பயிரை அழிக்கும் பச்சை நிறப் பூஞ்சை ஒன்றை வளர்த்து வைத்திருக்கிறார். உலகத்தின் வயல்களையெல்லாம் பொட்டலாக்கிவிட்டால் உணவுக்கு எல்லோரும் ஜெர்மனியிடம் கையேந்த வேண்டும். போரில் தோற்றதற்குப் பழிவாங்கல். அதற்குப் பணம் வேண்டும், அந்தப் பணத்துக்காக ஒரு சொத்துக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் பார்க்கிறார். அந்தப் பெண்ணுக்கோ தனக்குச் சொத்து இருப்பதே தெரியாது. ஆலிவா கிரெஸ்வெல் என்று பெயர், லண்டனில் ஒரு பெரிய கடையில் காசாளர். கதை ஆரம்பத்திலேயே வேலையிலிருந்து தூக்குகிறார்கள். உலகப் பஞ்சம் ஒருபக்கம், சம்பளம் போன ஒரு பெண்ணின் வாடகைக் கவலை மறுபக்கம். இரண்டையும் ஒரே வேகத்தில் ஓட்டுவதுதான் வாலஸின் பலம்.

கோதுமைத் துரு நோய் கற்பனை இல்லை. பயிரின் தண்டில் செம்பழுப்பாகப் படியும் அந்தப் பூஞ்சை, 1916இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் பெருவாரியாகக் கோதுமையைத் தின்றது. 1999இல் உகாண்டாவில் அடையாளம் கண்ட யுஜி99 என்ற பூஞ்சை ரகம் இன்றும் வேளாண் விஞ்ஞானிகளைத் தூங்க விடுவதில்லை. இன்னொன்று தெரிந்தபோது எனக்கே ஆச்சரியம். இந்தியாவில் தண்டுத் துரு நோய்க்கு ஊற்றுக்கண்களாகக் கருதப்படுவது நம் நீலகிரியும் பழனி மலையும்தான். வெயில் காலத்தில் சமவெளியில் செத்துப்போகும் பூஞ்சை, அங்கே குளிரில் உயிர்பிழைத்து, காற்றில் வடக்கே போகிறது. குன்னூர் பக்கம் வெலிங்டனில் இதற்கென்றே கோதுமை ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, காற்று வீசுமா வீசாதா என்று கதையில் வரும் பதற்றம் வெறும் ஜோடனையாகத் தோன்றவில்லை.

இதே சரக்கை இரண்டே வருஷத்தில் இன்னும் கூர்மையாக ஒரு சிறுகதையில் எழுதினார். மண்புழுவை வெறுக்கும் ஒரு விஞ்ஞானி. சட்டம் தொடாத குற்றவாளிகளைத் தாங்களே தண்டிக்கிறவர்களைப் பற்றிய நான்கு நீதிமான்கள் கதை வரிசையில் 1921இல் வந்தது. மண்புழு உழவனின் நண்பன் என்று நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த வரியை ஒருவன் தலைகீழாகப் பிடித்துக்கொண்டால் எப்படியிருக்கும்? மண்புழுவைப் பூண்டோடு ஒழித்தால் மண் செத்துவிடும், மண் செத்தால் மனிதன் செத்துவிடுவான், அவ்வளவுதான் அவனுடைய திட்டம். மண்புழு மண்ணை என்ன செய்கிறது என்று டார்வின் 1881இல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருந்தார். வாலஸ் அந்த அறிவைக் குற்றவாளியின் கையில் கொடுத்துப் பார்க்கிறார். வாய்ப்பிருந்தால் கட்டாயம் படியுங்கள்.

தி பிளாக் கிரிப் என்ற 1920ஆம் வருஷத்துச் சிறுகதையை நான் படித்தது 2020 ஏப்ரலில், ஊரடங்கில் வீட்டுக்குள் இருந்தபோது. ஒரு நோயால் உலகமே சில நாள் கண் தெரியாமல் போகப் போகிறது என்று ஒரு டாக்டருக்கு மட்டும் முன்பே தெரிந்துவிடுகிறது. மேலிடத்தை நம்பவைக்க அவர் படும் பாட்டை அந்த மாதத்தில் படித்ததை நான் மறக்க மாட்டேன். 1918 இன்ஃபுளுயன்ஸாவின் சூடு ஆறுவதற்குள் எழுதிய கதை அது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தி டோர் வித் செவன் லாக்ஸ் (1926) நாவலில் மனிதர்களை ராட்சத அடியாட்களாக மாற்றும் டாக்டர் வருகிறார். பயமுறுத்தத்தான் வருகிறார், அதற்குமேல் ஒன்றுமில்லை. தி அவெஞ்சர் நாவலில் மனிதன் சொன்னபடி கேட்கும் ஒராங்குட்டான் ஒன்று வரும். கிங் காங்குக்கு அவரை ஹாலிவுட் அழைத்தபோது குரங்கு அவருக்குப் புதிதில்லை என்பதற்காக அதைப் படிக்கலாம். 1932 பிப்ரவரி 10ஆம் தேதி, முதல் திரைக்கதை வரைவை எழுதிக் கொடுத்த சில வாரங்களில், பெவர்லி ஹில்ஸில் இறந்துபோனார். சர்க்கரை நோயும் நிமோனியாவும். வயது 56. படத்தை அவர் பார்க்கவே இல்லை.

குறைகளை மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் பிழைதிருத்துகிற தொழிலில் இருப்பவன், அதனால் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். வாலஸ் கையால் எழுதியதைவிட வாயால் சொன்னது அதிகம். மெழுகு உருளையில் பேசிப் பதிவு செய்வார், செயலாளர் தட்டச்சு செய்வார். ஒரு முழு நாவலை ஒரே வார இறுதியில் முடித்த ஆள். அந்த வேகம் பக்கங்களில் தெரியும். ஒரு முடிச்சை நாலு அத்தியாயம் இழுத்துக் கட்டுவார், அப்புறம் அரைப் பக்கத்தில் அவிழ்த்துவிடுவார். பெண்ணைக் கடத்துவது எல்லாக் கதையிலும் உண்டு, மூன்றாவது புத்தகத்தில் எப்போது கடத்துவார்கள் என்று சரியாகச் சொல்லிவிடலாம். அதைவிட மனசைக் கஷ்டப்படுத்துவது வெள்ளைக்காரர் அல்லாதவர்களையும் ஜெர்மானியர்களையும் அவர் வரைகிற விதம். சில பக்கங்களில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் நீங்கள் படித்துப் பாருங்கள். பிளானடாய்ட் 127 ஒன்றைத்தான் நான் தயங்காமல் கொடுப்பேன்.

எந்தப் பதிப்பு என்று கேட்பீர்கள். இந்தியாவில் உரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. புராஜெக்ட் குட்டன்பர்க் ஆஸ்திரேலியாவில் நிறைய வாலஸ் இலவசமாகவே கிடைக்கிறது, எழுத்துப் பிழையும் குறைவு. காகிதம் வேண்டும் என்று ஆசைப்பட்டு, கேட்டால் அச்சடித்து அனுப்பும் ஒரு நிறுவனத்திடம் ஒரு தடவை வாங்கினேன். ஸ்கேன் செய்ததை யாரும் கண்ணால் பார்க்காமல் அச்சடித்திருந்தார்கள். கடைசி எட்டுப் பக்கம் இல்லை. திகில் கதையில் கடைசி எட்டுப் பக்கம். அதற்குப் பிறகு கிண்டிலில்தான் படிக்கிறேன்.

கடைசிக்கு வைத்திருப்பது தி டே ஆஃப் யுனைட்டிங் (1926). எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது. பூமியை நோக்கி ஒரு வால் நட்சத்திரம் வருகிறது. உலகம் அழியப்போவது அரசாங்கத்துக்குத் தெரியும், மக்களுக்குத் தெரியாது. குறிப்பிட்ட ஒரு நாளில் எல்லோரும் தங்கள் சொந்தங்களோடு சேர்ந்திருக்க வேண்டும் என்று அறிவிக்கிறார்கள், ஏன் என்று மட்டும் சொல்வதில்லை. மற்றவர்களாக இருந்தால் இந்தக் கதையை வானாராய்ச்சிக் கூடத்தில் வைத்துச் சொல்லியிருப்பார்கள். வாலஸ் அச்சகத்தில் வைக்கிறார். ரகசியம் காகிதத்தில் ஏறும்போது, அதை அச்சுக் கோத்தவன் படித்துவிடுகிறான் இல்லையா? அவன்தான் இப்போது ஆபத்து. அதனால் அச்சுத் தொழிலாளிகள் காணாமல் போகிறார்கள். ஈயத்தையும் மையையும் தொட்டு வேலை செய்த மனிதர்கள் பிரதமருக்குச் சமமாக ஒரு ரகசியத்தைச் சுமக்கிறார்கள். சின்ன வயசில் லண்டனில் லட்கேட் சர்க்கஸ் என்ற சாலைச் சந்திப்பின் முனையில் பேப்பர் விற்ற பையன் எழுதிய கதை இது. அவருக்கு அந்த மனிதர்களைத் தெரியும்.

என் அப்பா முப்பது வருஷம் அச்சுக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்தவர். இந்தக் கதையைப் போன வருஷம் அவருக்குச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பரீட்சைக் கேள்வித்தாள் வேலை வரும்போது எப்படிச் செய்வார்கள் என்று சொன்னார். ஒரு தாளை நாலாகக் கிழித்து நாலு பேருக்குக் கொடுப்பார்களாம், யாருக்கும் முழுசாகத் தெரியக் கூடாது என்று.

"சாயங்காலம் நாலு பேரும் ஒண்ணாத்தாம்பா டீ குடிப்போம்" என்றார். "ஒருத்தனும் இன்னொருத்தன்கிட்ட கேட்டதில்லை."