பழைய பாய்ப்படகுக்கு எந்தக் கழிவுத்தாங்கி? திருகோணமலைக் கடலுக்கான ஓர் ஒப்பீடு

எழுபதுகளில் கட்டப்பட்ட முப்பது அடிப் பாய்ப்படகுகள் பலவற்றில் மலசலகூடத்தின் கழிவுக்குழாய் நேரே கடலுக்குள் இறங்குகிறது. அந்தக் காலத்தில் அதுவே வழக்கம். அத்தகைய படகை நம் உள்துறைமுகத்தில் நங்கூரமிட்டுக் கைப்பம்பியை அடித்தால், போவது அத்தனையும் நிலம் சூழ்ந்த நீருக்குள்ளேயே சுற்றிக்கொண்டு நிற்கும். கிண்ணியாவுக்கு அப்பால் தம்பலகாமக் குடாவில் சிப்பி விளைகிறது. சிப்பி தண்ணீரை வடிகட்டி உண்ணும் உயிர். தண்ணீரில் இருக்கும் கிருமி அதன் உடலில் தங்கிவிடும். வடக்கே, 2003இல் தேசிய பூங்காவான புறாத்தீவில் பவளப்பாறை இருக்கிறது. கழிவுநீரின் ஊட்டத்தில் பாசி செழிக்கும், பாசி பவளத்தை மூடும். கழிவைக் கடலில் விடாமல் படகிலேயே தேக்கிவைக்கும் தாங்கி தேவையா என்று இனியும் வாதாட எனக்கு மனமில்லை. எந்தத் தாங்கி என்பதுதான் பேச வேண்டியது.

பலரும் பிளாஸ்டிக்கா, உருக்கா, பையா என்று பொருளிலிருந்தே தொடங்குகிறார்கள். நான் மறுமுனையிலிருந்து தொடங்கச் சொல்வேன்: நிரம்பியதை எங்கே வெறுமையாக்கப் போகிறீர்கள்? மேலைநாட்டுப் படகுத்துறைகளில் உறிஞ்சி எடுக்கும் நிலையம் இருக்கும் என்ற எண்ணத்தோடு எழுதப்பட்ட அறிவுரைகள் இங்கே பாதிதான் பொருந்தும். இங்கே அப்படியொரு நிலையத்தை நம்பித் திட்டம் போட முடியாது. கப்பல்கள் கடலை மாசுபடுத்துவதைத் தடுக்கும் சர்வதேச மார்போல் உடன்படிக்கையின் நான்காம் இணைப்பு, பதப்படுத்தாத கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், கப்பல் குறைந்தது 4 நொட் (மணிக்கு 4 கடல் மைல்) வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது, சிறிது சிறிதாக வெளியேற்றச் சொல்கிறது. அந்த விதி 400 தொன்னுக்குக் குறையாத கப்பல்களுக்கும் 15 பேருக்கு மேல் ஏற்ற அனுமதி பெற்றவற்றுக்கும் உரியது. நம் சிறு படகுகளை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் நல்ல அளவுகோல் அது. 12 கடல் மைல் என்றால் 22 கிலோமீற்றர், 5 நொட்டில் இரண்டரை மணி நேர ஓட்டம். கொட்டியாரக்குடாவிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குவதால் கரைக்கு அருகிலேயே கடல் ஆழமாகிவிடுகிறது. அதற்காகத் தூரத்தைக் குறைத்துக்கொள்ளக் கூடாது.

இந்தக் கணக்கோடு பார்த்தால், நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் பொருத்தி, தன் எடையிலேயே இறங்கி வடியும் கடின பிளாஸ்டிக் தாங்கியை முதலில் வைப்பேன். பம்பி கழிவை மேலே ஏற்றித் தாங்கியின் தலையில் விடும். அடியிலிருந்து ஒரு தடித்த குழாய் நேர்கீழாக வால்வுக்கு இறங்கும். வால்வு மூடியிருந்தால் கழிவு தங்கும். நடுக்கடலில் திறந்தால் வடிந்துவிடும். இரண்டாவது பம்பி இல்லை, மின்சாரம் இல்லை, திசைமாற்றும் வால்வு இல்லை. பழுதாகக்கூடிய பாகம் குறையக் குறைய, அலையில் ஆடும் படகில் நாறிய குழாயைக் கழற்றும் வேலையும் குறையும். அடைத்துக்கொண்டாலும் நேர்குழாய் என்பதால் மேலிருந்து கம்பி விட்டுக் குத்தலாம்.

குறையும் உண்டு. 45 லீற்றர் தாங்கி நிரம்பினால் உள்ளிருப்பது மட்டும் 46 கிலோ எடை, அதுவும் உயரத்தில், ஒரு பக்கத்தில். ஐந்து தொன் படகு அதைத் தாங்கும். ஆனால் மெல்லிய உள்தடுப்பில் ஆணியடித்துத் தொங்கவிட்டால் தாங்காது. தாங்கியின் அடிமட்டம், படகு சரிந்து ஓடும்போதும் நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்க வேண்டும். பழைய படகுகளில் இதற்கு இடம் பெரும்பாலும் கழிப்பறைக்குப் பின்னாலுள்ள உடுப்பு அலுமாரிதான். வாங்குவதற்கு முன் மட்டையில் அதே அளவுக்குப் பெட்டி செய்து, அது படகின் வாசலுக்குள் நுழைகிறதா என்று பாருங்கள். அலுமாரிக்குச் சரியாக இருக்கும் தாங்கி, வாசலிலேயே நின்றுவிடக்கூடும்.

முன்பக்கப் படுக்கைக்குக் கீழே வைக்கும் தாங்கியில் கொள்ளளவு கூடும், எடை தாழ்வாக இருக்கும். காகிதத்தில் இதுவே சிறந்தது. ஆனால் நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால் வெளியேற்ற ஒரு பம்பி கட்டாயம்; கடல்நீர் பின்னோக்கி உள்ளே வராமலிருக்க, உயரே வளைத்துக் காற்றுவாய் வைத்த குழாயும் கட்டாயம். அரைத்துத் தள்ளும் மின்பம்பி வெறுமையாக ஓடினால் அதன் ரப்பர் இறகு கருகிவிடும். அதை நிரம்பிய தாங்கியோடு, நடுக்கடலில், தலைகீழாகக் குனிந்து மாற்ற வேண்டியிருக்கும். நீண்ட பயணம் போகும் நால்வருக்கு இதைச் சிபாரிசு செய்வேன், அதுவும் கையால் அடிக்கும் சவ்வுப் பம்பியோடு.

மடங்கும் பைத் தாங்கியின் கவர்ச்சி புரிகிறது. வளைந்து நெளிந்த பழைய உடலுக்குள் எந்த மூலையிலும் அடங்கும், விலையும் குறைவு. ஆனால் படகு ஆட ஆடப் பை உரசும். உரசும் இடத்தில் ஒரு மரச்சிராயோ, வெட்டிவிட்ட ஆணிமுனையோ இருந்தால் கதை முடிந்தது. ஒரு பருவத்துக்குச் சமாளிக்கலாம். அதற்கு மேல் நம்பாதீர்கள்.

துருப்பிடிக்காத உருக்கு என்ற பெயரை நம்பி ஏமாறுவோர் அதிகம். வெல்டிங் பட்டறையில் கேட்ட வடிவத்தில் செய்து தருவார்கள் என்பதும் உண்மை. ஆனால் சிறுநீரும் உப்புநீரும் சேர்ந்து வெல்டிங் தையலை ஊசித்துளைகளாக அரிக்கும். குடிநீருக்கு நல்ல பொருள், இதற்கு அல்ல. வினோத வடிவம்தான் வேண்டுமென்றால், மீன்பிடிப் படகு கட்டும் பைபர் வேலைக்காரர்களிடம் போங்கள். எப்பொக்சி பசையில், கைவிட்டுக் கழுவக்கூடிய மூடியோடு, தனிப் பெட்டியாகச் செய்யச் சொல்லுங்கள். படகின் உடலையே தாங்கியின் ஒரு சுவராக்க மட்டும் விடாதீர்கள். பிறகு அதைக் கழற்றவே முடியாது.

பிரித்தெடுக்கும் உலர் மலசலகூடத்தை வெளிநாட்டுப் படகோட்டிகள் புகழ்ந்து தள்ளுகிறார்கள். சிறுநீர் முன்னால் ஒரு கலனுக்கு, திடக்கழிவு பின்னால் தும்புத்தூள் நிரப்பிய பெட்டிக்கு. ஈரத்தை இழுக்கச் சிறு மின்விசிறி. கடலுக்குத் துளையே வேண்டாம். தும்புத்தூள் நம் நாட்டில் மலிவு. ஆனால் அந்தப் பெட்டி உலர்ந்திருக்கும்வரைதான் மணக்காது, நாமோ தண்ணீரால் கழுவுகிறவர்கள். ஒவ்வொரு தடவையும் அரை லீற்றர் தண்ணீர் அதற்குள் போனால் சில நாளில் சேறாகிவிடும். எட்டி நகர்ந்து வேறிடத்தில் கழுவலாம் என்பார்கள். ஆடும் படகில், குழந்தையையோ வயதான அம்மாவையோ வைத்துக்கொண்டு அதைச் செய்து பார்க்கட்டும். வாடைக்காலத்து ஈரக்காற்றில் தும்பு காய்வதும் இல்லை. நல்ல ஏற்பாடுதான், நம் வீட்டுப் பழக்கத்துக்கு ஏற்றதல்ல.

அதே பழக்கம் தாங்கிக் கணக்கையும் மாற்றுகிறது. இருவர், ஆளுக்கு ஐந்து தடவை, தடவைக்கு இரண்டு லீற்றர்: நாளுக்கு 20 லீற்றர். கழுவும் நீரையும் சேர்த்தால் 45 லீற்றர் இரண்டு நாள் தாங்காது. பதிலுக்கு ஒரு நன்மை: காகிதம் போகாததால் பம்பியின் ரப்பர் வாய் அடைபடுவது அரிது.

நிலாவெளிக்கும் புறாத்தீவுக்கும் காலையில் போய் மாலையில் திரும்பும் சிறிய படகா? மேலே சொன்ன எதுவும் வேண்டாம். 20 லீற்றர் அடிக்கலன் கொண்ட கையில் தூக்கும் மலசலகூடம் போதும். கரைக்குக் கொண்டுவந்து வீட்டுக் கழிப்பறையில் ஊற்றிவிடலாம்.

எந்தத் தாங்கியானாலும், நாற்றம் வருவது பெரும்பாலும் குழாயிலிருந்தும் காற்றில்லாமையிலிருந்தும்தான். சூடான ஈரத்துணியால் குழாயை இறுகச் சுற்றி, ஆறியதும் துணியை முகர்ந்து பாருங்கள். துணி நாறினால் குழாயின் சுவர் ஊறிவிட்டது. எவ்வளவு கழுவினாலும் போகாது, மாற்றியே ஆக வேண்டும். 38 மில்லிமீற்றர் கழிவுக்குழாய் என்றே விற்பதை வாங்குங்கள், தோட்டத்துக் குழாய் உதவாது. காற்றுக்குழாய் 25 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது, இடையில் தொய்யக் கூடாது. இயலுமானால் இரு பக்கமும் ஒவ்வொன்று. காற்றுப் புகாத தாங்கியில் ஐதரசன் சல்பைட்டை உண்டாக்கும் கிருமிகளே பெருகும். கச்சான் வீசும் மாதங்களின் வெயிலில் இன்னும் வேகமாக.

குழாயைக் கழற்றும்போதே, படகின் உடலில் கடலுக்குத் திறக்கும் கடல்வால்வையும் சுரண்டிப் பாருங்கள். மஞ்சள் நிறத்துக்குப் பதில் இளஞ்சிவப்பு தெரிந்தால் அது பித்தளை; நாகம் கரைந்து செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது, சுத்தியலால் தட்டினால் உடையும். வெண்கல வால்வு போடுங்கள். கடைத்தெருவில் வீட்டுக்கு விற்கும் பித்தளை வால்வைத் தொடவே வேண்டாம்.

கடைசியாக, வாடைக்காலம். நவம்பர் முதல் ஜனவரி வரை பல நாள் 22 கிலோமீற்றர் வெளியே போக முடியாது. அதனால் தன் எடையில் வடியும் தாங்கிக்கும் மேல்தளத்தில் ஓர் உறிஞ்சுவாய் வையுங்கள், குழாயைத் தாங்கியின் அடிவரை இறக்குங்கள். வீட்டுக் குழிகளை உறிஞ்சும் கழிவகற்றும் பவுசரை இறங்குதுறைக்கு அழைக்க ஒழுங்கு செய்தால், அதன் குழாய் உங்கள் 38 மில்லிமீற்றர் வாயைவிட மிகத் தடிப்பாக இருக்கும். இரண்டையும் இணைக்கும் குறுக்குத்துண்டை முன்கூட்டியே கடைந்து படகில் வைத்திருங்கள்.