நான்கு ஆண்டுகள், மூன்று கருவிகள்: வேப்பில் வோல்ட்டும் வாட்டும் எனக்குக் காட்டியவை

நான் முதலில் வாங்கிய வேப் கருவி, அதாவது நிக்கோட்டின் கலந்த திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின்சிகரெட், பேனா வடிவில் இருந்தது. அதன் அடிப்பக்கத்தில் இருந்த திருகைச் சுற்றி, மின்னழுத்தத்தை 3.3 வோல்ட்டிலிருந்து 4.8 வோல்ட் வரை மாற்றிக்கொள்ளலாம். திரை கிடையாது, திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருளான காயிலின் மின்தடையை அளந்து சொல்லும் வசதியும் கிடையாது. நெடுநாள் சிகரெட் பிடித்தவன் என்பதால் அன்று எனக்கு வேண்டியிருந்தது தொண்டையில் ஒரு பிடிப்பு மட்டுமே. திருகை 4.2-இல் நிறுத்தினேன், பிடிப்பு கிடைத்தது, 4.2 வோல்ட்தான் என் அளவு என்று ஏழெட்டு மாதங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். நான்கு ஆண்டுகள் முடியப்போகும் இந்த நேரத்தில் திரும்பிப் பார்க்கும்போது, அந்த எண்ணுக்குத் தனியாக எந்தப் பொருளும் இல்லை என்பதை விளங்கிக்கொள்ளவே அந்தக் காலத்தில் பெரும்பகுதி செலவாகியிருப்பது தெரிகிறது.

நம்பிக்கை உடைந்தது ஒரு காயிலை மாற்றிய நாளில். அதுவரை 1.8 ஓம் மின்தடை கொண்ட காயில்களையே பயன்படுத்தி வந்தேன். அவை தீர்ந்துவிட்டதால் அதே அமைப்பில் வந்த 1.2 ஓம் காயிலைப் பொருத்தினேன். திருகை நான் தொடவே இல்லை. முதல் இழுப்பில் ஆவி வழக்கத்தை விடச் சூடாக வந்தது. மூன்றாவது இழுப்பில், காயிலுக்குத் திரவத்தை ஊட்டும் பஞ்சு கருகி, தீய்ந்த துணியை வாயில் வைத்தது போன்ற கசப்பு தொண்டை வரை இறங்கியது. காயில் பழுது என்று எண்ணி இன்னொன்றை மாற்றினேன்; அதற்கும் அதே கதி. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் தவறு எங்கே என்று புரிந்தது. மின்னழுத்தத்தை அதே எண்ணால் பெருக்கி மின்தடையால் வகுத்தால் கிடைப்பது வாட், அதாவது காயிலில் ஒவ்வொரு நொடியும் வெப்பமாக மாறும் ஆற்றல். 4.2 வோல்ட்டில் 1.8 ஓம் காயிலுக்கு அது 9.8 வாட், 1.2 ஓம் காயிலுக்கு 14.7 வாட். திருகு நின்ற இடத்திலேயே நிற்க, காயிலில் விழுந்த வெப்பம் ஒன்றரை மடங்காகிவிட்டது. இந்தக் கணக்குக்கு அடிப்படையாக 1827-ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் ஓம் என்ற அறிவியலாளர் எழுதி வைத்துவிட்ட விதியைப் பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கிய நான், இரண்டு காயில்களைக் கருக்கிய பிறகே அதை உண்மையில் கற்றுக்கொண்டேன்.

இரண்டாவதாக வாங்கிய கருவியில் திரையும், கூட்டிக் குறைக்க இரண்டு பொத்தான்களும் இருந்தன. இதில் நாம் வாட்டைச் சொன்னால் போதும். கருவி காயிலின் மின்தடையை அளந்து, அதற்கு வேண்டிய வோல்ட்டைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். 1.2 ஓம் காயிலில் 12 வாட் கேட்டால் ஏறத்தாழ 3.8 வோல்ட் கொடுக்கும், 0.8 ஓம் காயிலை மாட்டி அதே 12 வாட் கேட்டால் 3.1 வோல்ட்டாகக் குறைத்துக்கொள்ளும். வோல்ட்டை நாமே வைக்கும் கருவியை விட இது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான கருத்து. ஆனாலும் வாட் என்பதும் முழு உண்மையன்று. அதே 12 வாட் மெல்லிய, குட்டையான கம்பியில் விழுவதும், தடித்த நீளமான கம்பியில் பரவி விழுவதும் ஒன்றாகாது. முன்னது கொதிக்கும், பின்னது வெதுவெதுப்போடு நின்றுவிடும். நண்பர் ஒருவர் தாம் 60 வாட்டில் இழுப்பதாகச் சொன்னபோது நான் மலைத்துப் போனேன். அவருடைய 0.4 ஓம் காயிலின் பரப்பையும், நுரையீரலுக்கே நேராக இழுக்கும் அவருடைய முறையையும், காற்று நுழைய அவர் திறந்து வைத்திருந்த அகலமான துளையையும் பார்த்த பிறகே, அவருடைய 60-உம் என்னுடைய 12-உம் ஒப்பிடத்தக்க எண்களே அல்ல என்பது விளங்கியது.

உண்மையில் அளவைத் தீர்மானிப்பது பஞ்சுதான். திரவத்தில் இருக்கும் புரொப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரி செல்சியஸிலும், கிளிசரின் 290 டிகிரியிலும் கொதிப்பவை. இரண்டும் கலந்த திரவத்தின் கொதிநிலை அவற்றின் விகிதத்துக்கேற்ப இடையில் எங்கோ அமையும். பஞ்சில் ஈரம் இருக்கும்வரை காயிலின் வெப்பத்தைத் திரவம் ஆவியாவதற்கே எடுத்துக்கொள்வதால், கம்பியின் சூடு அந்த எல்லையைச் சுற்றியே நிற்கும். கொடுக்கும் வாட்டுக்கு ஈடுகொடுத்துத் திரவம் பஞ்சின் வழியே வந்து சேராவிட்டால், வெப்பத்துக்கு வேறு வேலை இல்லாமல் கம்பியின் சூடு சட்டென்று ஏறும்; பஞ்சு கருகும், எஞ்சிய திரவம் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற கேடான பொருள்கள் உருவாகும். 2015-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான ஆய்வுக் கடிதம் ஒன்று, 3.3 வோல்ட்டில் தென்படாத ஃபார்மால்டிஹைடு சேர்மங்கள் 5 வோல்ட்டில் தென்பட்டதாகத் தெரிவித்தது. அந்த அமைப்பில் காயில் வறண்டு கருகியிருக்கும், எந்த மனிதரும் அந்த ஆவியை இழுத்திருக்க முடியாது என்று பிறகு மறுப்புகளும் எழுந்தன. என்னுடைய அந்த மூன்றாவது இழுப்பை நினைத்துப் பார்த்தால் மறுப்பில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. எனினும், நாக்கு கசப்பு என்று சொல்லாத வரை எல்லாம் சரி என்று நான் எடுத்துக்கொள்வதில்லை; நாக்கு ஓர் அளவுகோல் அன்று, சற்றுத் தாமதமாக அடிக்கும் எச்சரிக்கை மணி மட்டுமே. சிகரெட் பழக்கமே இல்லாத ஒருவர் இந்தக் கணக்கையெல்லாம் படித்து இதில் இறங்க எந்தக் காரணமும் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

புதுக் காயிலுக்கு வாட் வைக்கும் முறை என்னிடம் மெல்ல மெல்ல உருவானது. பஞ்சில் சில சொட்டுகளை நேரடியாக விட்டு, திரவம் நிற்கும் டேங்கை நிரப்பி, பத்து நிமிடம் அப்படியே விட்டுவிடுவேன்; அவசரப்பட்டு இதைத் தவிர்த்த நாள்களில் எல்லாம் காயில் முதல் இழுப்பிலேயே போனது. இப்போது என்னிடமுள்ள 0.8 ஓம் காயிலின் உடலில் 12 முதல் 18 வாட் வரை என்று பொறித்திருக்கிறது. நான் 11-இல் தொடங்குவேன். அங்கே ஆவி மெலிந்து, குளிர்ந்து வரும். ஆவியாகாத திரவம் அடியில் தேங்கிக் களகளவென்று ஓசை எழுப்பும், சில சமயம் ஒரு துளி வாய்க்கும் வரும். குறைந்த வாட் எப்போதும் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இந்தக் கசிவைக் கருவியின் குறையாகவே எண்ணிக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் ஒரு நல்ல டேங்கை எறிந்தேன். அதிலிருந்து அரை வாட்டாகக் கூட்டி, ஒவ்வோர் அளவிலும் நான்கைந்து இழுப்பு இழுத்துப் பார்ப்பேன். 13.5-இல் சுவை திறக்கும், 14.5-இல் நிறைவாக இருக்கும், 16-க்கு மேல் சூடு மட்டும் கூடி, பழச் சுவையின் நுனி மழுங்கிப்போகும். அடுத்தடுத்து மூன்று இழுப்பு இழுத்தாலும் வறட்சி தட்டாத மிக உயர்ந்த அளவைக் கண்டுபிடித்து, அதிலிருந்து ஒரு வாட் குறைத்து நிறுத்துவதே என் வழக்கம். காற்றுத் துளையைச் சிறிதாக்கினால் காயிலைக் குளிர்விக்கும் காற்று குறைந்துவிடும் என்பதால், இன்னும் அரை வாட்டோ ஒரு வாட்டோ இறக்க வேண்டியிருக்கும்.

திரவத்தை மாற்றும்போது இந்த அளவு செல்லாது. கிளிசரின் 70 விழுக்காடு உள்ள கெட்டியான திரவத்தைச் சிறு துளைகள் கொண்ட என் காயிலில் ஊற்றியபோது, சரிபாதிக் கலவையில் தாராளமாக ஓடிய அதே 14.5 வாட்டில் இரண்டாம் நாளே கருகல் வாடை வந்தது, 12.5-க்கு இறக்கிய பிறகுதான் அடங்கியது. அறை குளிர்ந்திருக்கும் நாள்களில் திரவம் மேலும் கெட்டியாவதால், காலையின் முதல் சில இழுப்புகளை இடைவெளி விட்டு இழுக்கிறேன்.

நான்கு ஆண்டுகளில் நான் அதிகமுறை செய்த பிழை ஒன்று உண்டு. இனிப்பூட்டி சேர்த்த திரவங்கள் காயிலின் மேல் கறுத்த பாகு போன்ற ஒரு படலத்தைப் படியவைக்கின்றன. அந்தப் படலம் வெப்பம் திரவத்தைச் சேர்வதைத் தடுப்பதால் நாளுக்கு நாள் சுவை மங்கும். மங்க மங்கக் கை தானாகக் கூட்டும் பொத்தானுக்குப் போகும். முதல் நாள் 14.5, நான்காம் நாள் 15.5, ஆறாம் நாள் 17 என்று ஏற்றிக்கொண்டே போய், காயிலை மாற்ற வேண்டிய நேரத்தில் அதை வறுத்துக்கொண்டிருந்தேன். தேதியும் வாட்டும் எழுதி வைக்கும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இருந்திராவிட்டால் இது என் கண்ணில் பட்டிருக்காது. தெளிந்த, இனிப்பூட்டி இல்லாத திரவத்தில் என் காயில்கள் இரண்டு வாரத்துக்கு மேல் நின்றன; இனிப்பு மிகுந்தவற்றில் ஐந்தாறு நாள்கள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. இப்போது வைத்த அளவில் சுவை குறைந்தால் வாட்டைத் தொடுவதில்லை, காயிலை மாற்றிவிடுகிறேன்.

நிக்கோட்டினையும் வாட்டோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 12 மில்லிகிராம் உள்ள திரவத்தை 10 வாட்டில் இழுத்துப் பழகிய நான், நண்பரின் கருவியை இரவல் வாங்கி அதே திரவத்தை ஊற்றி 40 வாட்டில் இழுத்தபோது, நான்காவது இழுப்பில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். ஓர் இழுப்பில் ஆவியாகும் திரவம் பன்மடங்கானால் உள்ளே போகும் நிக்கோட்டினும் அப்படியே கூடும் என்பது எளிய விஷயம்தான். அது அப்போது தோன்றவில்லை. அதிக வாட்டில் இழுப்பவர்கள் 3 மில்லிகிராமோடு நின்றுகொள்வதன் காரணம் இதுவே.

பழைய கருவிகளைக் கையாள்வோருக்காக இன்னொன்று. அதே நண்பர் தம்மிடம் சும்மா கிடந்த, வோல்ட் மாற்றும் முற்காலக் கருவி ஒன்றைக் கொடுத்தார். அதில் 3.7 வைத்தாலே என் பேனாவின் 4.5-ஐ விடச் சூடாக இருந்தது. அத்தகைய சில கருவிகள் நிலையான மின்னழுத்தத்தைத் தருவதில்லை. ஏறத்தாழ 6 வோல்ட்டை நொடிக்குப் பலமுறை விட்டுவிட்டுத் துடிப்புகளாக அனுப்பி, அவற்றின் சராசரியைத் திரையில் காட்டும். சராசரி 3.7 ஆக வேண்டுமானால் நேரத்தில் 62 விழுக்காடு துடிப்பு இருக்க வேண்டும். ஆனால் வெப்பம் மின்னழுத்தத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது என்பதால், காயில் உணர்வது 4.7 வோல்ட்டுக்குச் சமமான சூட்டை. திரை பொய் சொல்லவில்லை, வேறொரு கேள்விக்கு விடை சொல்கிறது. இன்றைய நல்ல கருவிகளில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை.

பேட்டரி பற்றியும் சொல்ல வேண்டும். ஒழுங்குபடுத்தும் சுற்று இல்லாத கருவிகளில் பேட்டரியின் மின்னழுத்தமே நேராகக் காயிலுக்குப் போகிறது. முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், தீரும் தறுவாயில் 3.4, 0.8 ஓம் காயிலில் அது காலையில் 22 வாட்டாகவும் மாலையில் 14.5 வாட்டாகவும் இருக்கும். ஒரே நாளில் இரண்டு கருவிகளைப் பயன்படுத்தியது போன்ற அனுபவம் அது. வாட்டை நிலையாக வைக்கும் கருவியில் இதற்கு நேரெதிர்: பேட்டரி இறங்க இறங்க, கேட்ட வாட்டைக் கொடுப்பதற்காகக் கருவி அதிக மின்னோட்டத்தை உறிஞ்சும். 60 வாட்டை 18650 எனப்படும் உருளை வடிவப் பேட்டரி ஒன்றிலிருந்து மட்டும் 3.3 வோல்ட்டில் எடுத்தால், சுற்றின் இழப்பையும் சேர்த்து 20 ஆம்பியரைத் தொடுகிறது. பல பேட்டரிகள் தொடர்ந்து தரக்கூடிய மின்னோட்டத்தின் வரம்பே அவ்வளவுதான். ஆகவே உயர்ந்த வாட்டில் பேட்டரியைக் கடைசித் துளிவரை பிழிவதை நிறுத்திவிட்டேன். உறை கிழிந்த பேட்டரியைப் பயன்படுத்துவதே இல்லை.

மூன்றாவது கருவியில் வெப்பக் கட்டுப்பாடும் இருந்தது. சூடேறும்போது துருப்பிடிக்காத எஃகுக் கம்பியின் மின்தடை கூடுவதை வைத்து, கம்பியின் வெப்பநிலையைக் கணித்து, எல்லையைத் தொட்டதும் மின்சாரத்தைக் குறைப்பது அதன் வேலை. கேட்பதற்கு என் எல்லாச் சிக்கல்களுக்கும் தீர்வு போலவே இருந்தது. ஆறு மாதம் முயன்று கைவிட்டேன். எஃகின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. 0.5 ஓம் காயிலில், திருகு சற்றுத் தளர்ந்தோ இணைப்பில் திரவம் படிந்தோ 0.02 ஓம் பிசகினால், கருவியின் கணிப்பில் 40 டிகிரிக்கு மேல் பிழை வந்துவிடும். இழுத்த கையோடு டேங்கைக் கழற்றி மாட்டினால், சூடான காயிலின் மின்தடையைக் குளிர்ந்த காயிலுடையது என்று பதிந்துகொண்டு, அதன் பிறகு நான் வைத்த எல்லையைத் தாண்டியே சூடாக்கும். கம்பியைத் தாமே சுற்றி, ஒவ்வொரு முறையும் குளிரவிட்டு அளவைப் பதியும் பொறுமை உள்ளவர்களுக்கு அது நல்ல வசதி. எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

இப்போது அந்த மூன்றாவது கருவியே வாட் முறையில் என் சட்டைப் பையில் இருக்கிறது: 0.8 ஓம் காயில், சரிபாதிக் கலவை, 6 மில்லிகிராம், 13.5 வாட். பையில் அழுந்தி எண் மாறிவிடாதிருக்கப் பொத்தான்களைப் பூட்டி வைத்திருக்கிறேன். நோட்டுப் புத்தகத்தின் கடைசி இரண்டு பக்கங்களில் காயில் மாற்றிய தேதிகள் மட்டுமே இருக்கின்றன. வாட்டுக்கான கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை அதே எண்.