திரையிடலா, கண்காட்சியா, கலைவிழாவா: ஒரு மாலைக்கு எது?

பெருநகரத்தில் ஒரு மாலை ஓய்வு கிடைத்தால் போதும், மூன்று பக்கமும் இழுக்கும். ஒரு அரங்கில் ஆவணப்படம், அருங்காட்சியகத்தில் புதுக் கண்காட்சி, இன்னொரு இடத்தில் கலைவிழா. எது உசத்தி என்று யோசித்தால் முடிவே வராது. எது நமக்காகக் காத்திருக்கும், எது காத்திருக்காது என்று பார்த்தால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

ஆவணப்படத்தில் நேரம் இயக்குநர் கையில். எதை, எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்று அவர் முடிவு செய்கிறார். நாம் இருட்டில் உட்கார்ந்தால் போதும். ஒன்றுமே தெரியாத விஷயத்துக்குள் நுழைய இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் காட்டுவதெல்லாம் அப்படியே நடந்தது என்று நம்பிவிடக் கூடாது. 1922-ல் வெளிவந்த தன் படத்துக்காக ராபர்ட் ஃப்ளாஹெர்ட்டி கனடாவின் வடபகுதியில் இன்யூட் மக்களைப் படம்பிடித்தபோது, பனிவீட்டுக்குள் கேமராவுக்கு வெளிச்சம் போதவில்லை. ஒரு பக்கம் திறந்த வீட்டைக் கட்டவைத்து, அதற்குள் அவர்கள் படுத்து எழுவதை எடுத்தார். ஆவணப்படத்தின் தொடக்கம் என்று கொண்டாடப்படும் படமே இப்படி!

அதனால்தான் வீட்டு சோபாவில் பார்ப்பதும் விழாவில் பார்ப்பதும் ஒன்றல்ல என்கிறேன். 1988 முதல் ஆம்ஸ்டர்டாமில் நடக்கும் இட்ஃபா போன்ற விழாக்களில் பல படங்கள் முடிந்ததும் இயக்குநரே மேடைக்கு வருவார். அந்தக் காட்சியை எப்படி எடுத்தீர்கள், படத்தில் இருப்பவர்கள் முழுப்படத்தையும் பார்த்தார்களா என்று நேரில் கேட்கலாம். இயக்குநர் வருகிறார் என்றால் கிளம்பிவிடலாம். வரவில்லை, படமும் ஓடிடியில் வந்துவிடும் என்று தெரிந்தால் அவசரமே இல்லை.

அருங்காட்சியகத்தில் நேரம் முழுக்க நம் கையில். சுகமும் அதுதான், தொல்லையும் அதுதான். பாரிஸின் லூவ்ரில் பார்வைக்கு இருப்பவை மட்டும் சுமார் 35,000. ஒன்றுக்கு அரை நிமிடம் என்றாலும், தூங்காமல் சாப்பிடாமல் பார்த்தால் 12 நாள் ஆகும். எல்லாவற்றையும் பார்த்துவிடும் வேகத்தில் ஓடுகிறவர்கள் கடைசியில் எதையுமே பார்ப்பதில்லை. இது இன்றைய பிரச்சினையும் இல்லை. பாஸ்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் கில்மன் 1916-லேயே ‘அருங்காட்சியகக் களைப்பு’ பற்றி எழுதினார். கண்ணாடிப் பெட்டிகளைப் பார்க்க ஒருவர் எப்படியெல்லாம் குனிந்து வளைய வேண்டியிருக்கிறது என்று புகைப்படமும் போட்டுக் காட்டினார். என்னைக் கேட்டால் ஒரு தடவைக்கு இரண்டு அறை போதும். பிரிட்டனில் 2001 இறுதியிலிருந்து தேசிய அருங்காட்சியகங்களின் நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் அரைமணி நேரம் நுழைந்து ஒரே ஒரு சிலையைப் பார்த்துவிட்டு வரலாம். கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்ற அரிப்பு இருக்காது.

நிரந்தரத் தொகுப்பு அடுத்த மாதமும் அங்கேயே இருக்கும். தற்காலிகக் கண்காட்சி இருக்காது. அதிலும் காகிதத்தில் வரைந்தவை, நீர்வண்ணங்கள், பழைய துணிகள் வந்திருந்தால் தள்ளிப்போடவே கூடாது. வெளிச்சம் பட்டால் இவை மங்கும், மங்கியது திரும்பாது. அதனால் பொதுவாக 50 லக்ஸ் அளவு மங்கலான ஒளியில் சில மாதம் மட்டும் வைத்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் இருட்டில் பூட்டிவிடுவார்கள். ஆல்பிரெக்ட் டியூரர் 1502-ல் வரைந்த முயல் வியன்னாவின் ஆல்பர்டினாவில் இருக்கிறது. ஆனால் மூலப்படம் வெளியே வருவது அபூர்வம். அறை ஏன் இப்படி இருட்டாக இருக்கிறது என்று சலித்துக்கொள்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

கலைவிழாவில் நேரம் யார் கையிலும் இல்லை. அன்று நடந்தால் நடந்ததுதான். ஒரே டிக்கெட்டில் பல இடங்களுக்குள் நுழையவிடும் பெர்லினின் ‘அருங்காட்சியகங்களின் நீண்ட இரவு’ 1997-ல் தொடங்கி, பிறகு பல நகரங்களுக்குப் பரவியது. கூட்டம், வெளிச்சம், நள்ளிரவில் தெருவெல்லாம் ஆட்கள் என்று ஊரே வேறு முகம் காட்டும். ஓவியம் பார்க்கப் போனால் முன்னால் நிற்பவரின் பிடரிதான் தெரியும். குழந்தைகளோடும் நண்பர்களோடும் திரிய இதுபோல வராது. ஒரு பொருளை நிதானமாகப் பார்க்க இதைவிட மோசமான நாளும் கிடையாது.

விழா என்றால் பெரிய மேடைக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. 1947-ல் எடின்பரோவின் முதல் விழாவுக்கு அழைப்பே இல்லாமல் 8 நாடகக் குழுக்கள் வந்து, கிடைத்த இடத்தில் நடித்தன. இன்று உலகமே அறிந்த ‘ஃபிரிஞ்ச்’ விழா அதிலிருந்து வளர்ந்ததுதான். அதனால் நிகழ்ச்சி நிரலின் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பியுங்கள். முப்பது பேர் உட்காரும் அறை, கேள்விப்படாத பெயர், ஒரு மணி நேர நிகழ்ச்சி. பிடிக்கவில்லையா, எழுந்து வந்து அடுத்த அறைக்குப் போய்விடலாம்.