கையால் எழுதும் எச்டிஎம்எல்லா, வேர்ட்பிரஸ்ஸா? தொடக்கநிலையில் எது ஏற்றது

வலைப்பக்கம் அமைக்கக் கற்பவர் முன் பொதுவாக இரண்டு வழிகள் உள்ளன: பக்கத்தின் கட்டமைப்பைக் குறிக்கும் எச்டிஎம்எல்லையும் அதன் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ்ஸையும் கையால் எழுதிப் பழகுவது, அல்லது தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளை நிறுவி ஆயத்தத் தீம் (தள வடிவமைப்பு) ஒன்றில் உள்ளடக்கத்தை நிரப்புவது. இரண்டிலும் தளங்களை அமைத்துப் பார்த்த பின் நான் முதல் வழியையே தேர்ந்துகொண்டேன்.

வேகத்தில் வேர்ட்பிரஸ் முந்துகிறது, அதில் ஐயமில்லை. ஆனால், தளம் தயாரான பின் தொடங்கும் பராமரிப்புதான் என் முடிவைத் தீர்மானித்தது. 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ், பிஎச்பி என்னும் நிரல்மொழியில் எழுதிய நிரலும் தரவுத்தளமும் சேர்ந்து இயங்கும் மென்பொருள். மூல மென்பொருள், தீம், கூடுதல் வசதி தரும் செருகுநிரல்கள், சர்வரிலுள்ள பிஎச்பி பதிப்பு ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்தியிருந்தால்தான் பக்கம் திறக்கும். புதுப்பிக்காமல் விட்டால் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும். புதுப்பித்தாலோ, பழைய செருகுநிரல் ஒன்று ஒத்துப்போகாமல் வெற்றுத்திரை மட்டும் தெரியக்கூடும். பழுது அந்த நான்கில் எதில் என்று கண்டுபிடிப்பது புதியவருக்கு எளிதன்று. கையால் எழுதிய பக்கமோ வெறும் உரைக்கோப்பு; ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்டாலும் அது பழுதாவதில்லை. செர்ன் ஆய்வகத்தில், வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1990களின் தொடக்கத்தில் எழுதிய எச்டிஎம்எல் பக்கங்களை இன்றைய உலாவிகளும் திறந்து காட்டுகின்றன.

பழுது நேர்ந்தாலும் அதன் காரணம் கண்ணெதிரே இருக்கும். இணைப்புக்குரிய எச்டிஎம்எல் குறியை (டேக்) மூட மறந்தால், அடுத்து வரும் பத்திகளும் நீல நிறத்தில் அடிக்கோடிட்ட இணைப்பாகிவிடும். நீலம் தொடங்கும் இடத்தைப் பார்த்தாலே தவறு புரியும். தமிழ் எழுத்துகள் உருக்குலைந்து தெரிந்தால், தலைப்பகுதியில் யுடிஎஃப்-8 என்று எழுத்துக் குறியேற்றத்தை அறிவித்திருக்கிறோமா என்று முதலில் பார்க்க வேண்டும். இப்படி ஒவ்வொரு திருத்தமும், பக்கம் எவ்வாறு இயங்குகிறது என்பதையும் சேர்த்தே கற்றுத்தருகிறது.

குறையும் உண்டு. பத்துப் பக்கங்களில் இருக்கும் பட்டியில் (மெனுவில்) ஒரு சொல்லை மாற்ற, பத்துக் கோப்புகளையும் திறக்க வேண்டும். நிரல் அறியாத பலர் நாள்தோறும் பதிவிடும் தளமென்றால் வேர்ட்பிரஸ்ஸே பொருத்தம். பெரிய விற்பனைத் தளங்களை நான் நடத்தியதில்லை என்பதால், என் பரிந்துரை சில பக்கங்களே கொண்ட சிறு தளங்களுக்கு மட்டுமே பொருந்தும். பின்னாளில் வேர்ட்பிரஸ்ஸுக்கே மாற நேர்ந்தாலும், அதன் தீமிலுள்ள சிஎஸ்எஸ்ஸைப் பிறர் உதவியின்றிப் படித்துத் திருத்த இந்தப் பயிற்சி கைகொடுக்கும்.