பழைய கார்டு பாக்கின்னு போன் வந்தா உஷார்! 18,500 ரூபாய் போச்சு

பழைய கிரெடிட் கார்டு பாக்கியை செட்டில்மெண்ட்ல, அதாவது குறைச்ச தொகையில, முடிச்சுத் தர்றேன்னு ஒருத்தன் போன வாரம் என்கிட்ட 18,500 ரூபாய் வாங்கிட்டான். பாக்கி அப்படியே நிக்குது. வயிறு எரியுது, அதான் எழுதுறேன். என்ன செய்யணும்னும் கடைசியில சொல்றேன்.

கார்டு ஒரு தனியார் வங்கியோடது. வேலை போன சமயம் கட்ட முடியாம நின்னது, வருஷக்கணக்காச்சு. வசூல் ஏஜெண்டுன்னு போன்ல பேசினவனுக்கு கார்டோட கடைசி நாலு நம்பர் தெரியுது, நான் காலி பண்ணின பழைய வீட்டு அட்ரஸ் தெரியுது, பாக்கி பைசா சுத்தமாத் தெரியுது. இதையெல்லாம் அவனுக்கு யார் கொடுத்தா? முதல்ல "மேடம், கோர்ட், வாரண்ட்"னு மிரட்டல். அப்புறம் குரல் இறங்கி, "அக்கா, நானும் ஈ.எம்.ஐ. கட்டுறவன்தான், மேனேஜர்கிட்ட பேசி வட்டியைத் தள்ளிடுறேன்"னான். அந்த "அக்கா"லதான் நம்பிக்கையே வந்துச்சு. வங்கி லோகோ, சீல், கையெழுத்தோட லெட்டர் வாட்ஸ்அப்ல வந்துச்சு. பணம் போட வேண்டிய யூபிஐ மட்டும் ஏதோ தனி ஆள் பேர்ல. கேட்டேன். "அது கலெக்‌ஷன் அக்கவுண்ட்க்கா. இன்னைக்கு மாசக் கடைசி, விட்டா ஆஃபர் போயிடும்." அனுப்பினேன், 18,500.

பாக்கி தீர்ந்துச்சுன்னு தர்ற கடிதம், அதான் என்.ஓ.சி., எங்கன்னா "சிஸ்டம் டவுன்". அடுத்து, "மேடம், நான் இப்ப அந்த ஏஜென்சியில இல்லை." அக்கா மறுபடி மேடம் ஆயாச்சு! வங்கியில கேட்டா, "அந்தக் கடனை எப்பவோ வித்தாச்சு, வாங்கின கம்பெனியைக் கேளுங்க." அந்தக் கம்பெனிக்காரங்க, "அப்படி ஒரு ஏஜெண்டே எங்களுக்கு இல்லை." சொன்ன கையோட, "பாக்கியை எப்ப கட்டுறீங்க?" 18,500 எங்க போச்சுன்னு பதில் சொல்ல ஒரு நாதி இல்லை.

சரி, அவசரமா சொல்லிடுறேன். போன்ல எதையும் ஒத்துக்காதீங்க. ஏஜெண்டோட அங்கீகாரக் கடிதத்தைக் கேளுங்க, கடன் இப்ப யார் கையில இருக்குன்னு வங்கியில நீங்களே விசாரிங்க. தனி ஆள் யூபிஐக்கு ஒத்தை ரூபாய் போடாதீங்க. காலை 8 மணிக்கு முன்னயும் சாயந்திரம் 7க்கு மேலயும் வசூல் போன் வரக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி விதியே இருக்கு. இந்த மாதிரி பாக்கிக்கு கேஸ் போட பொதுவா 3 வருஷம்தான் கெடு. அதுக்குள்ள கொஞ்சம் கட்டினாலும் கெடு புதுசா ஓட ஆரம்பிக்கலாம், வக்கீலைக் கேட்டுட்டு கட்டுங்க.

சைபர் மோசடி உதவி எண் 1930ல புகார் கொடுத்தாச்சு. வங்கிக்கும் எழுத்துல கொடுத்திருக்கேன். 30 நாள்ல பதில் வரலைன்னா ரிசர்வ் வங்கியோட குறைதீர்ப்பு அதிகாரி, அதான் ஆம்பட்ஸ்மேன்கிட்டதான் போகப்போறேன்.