டிரான்ஸ்பார்மருக்கு முன்னால் மின்னல் காவலுக்கு எது: ராட் கேப்பா, கேப் (இடைவெளி) உள்ள எல்.ஏ.வா (லைட்னிங் அரெஸ்டர், மின்னல் தடுப்பான்), கேப் இல்லாததா?

புஷ்ஷிங்கில் (லைன் டிரான்ஸ்பார்மருக்குள் நுழையும் பீங்கான் குழலில்) இரண்டு கம்பிகளை எதிரெதிராக நிறுத்தினால் ராட் கேப் தயார். இதைவிட மலிவான காவல் கிடையாது. மின்னல் சர்ஜ் (திடீர் மின்னழுத்த அலை) வந்ததும் இடைவெளியில் பொறி பாய்ந்து எர்த்துக்கு இறக்கிவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். சர்ஜ் போனாலும் பொறி அணையாது, லைன் கரண்ட் அதே வழியில் ஓடும். பிரேக்கர் டிரிப் ஆனால்தான் நிற்கும். போதாததற்கு, மின்னழுத்தம் சட்டென்று அறுந்து விழுவதால் வைண்டிங்கின் முதல் சில சுற்றுகளில் அழுத்தம் குவிகிறது. சிறிய டிரான்ஸ்பார்மருக்குச் சரி, பெரியதற்கு இதை மட்டும் நம்பக்கூடாது.

மற்ற இரண்டுக்கும் வித்தியாசம் உள்ளே இருக்கும் வில்லையில்: கேப் உள்ள பழைய வகையில் சிலிக்கன் கார்பைடு, கேப் இல்லாததில் துத்தநாக ஆக்சைடு. கரண்ட் 16 மடங்காக, சிலிக்கன் கார்பைடில் மின்னழுத்தம் ஏறக்குறைய இரட்டிக்க வேண்டும். துத்தநாக ஆக்சைடில் 10 சதவீதம் ஏறினாலே போதும். அதனால்தான் பழைய வகைக்கு கேப் தேவைப்பட்டது. அது இல்லாவிட்டால் சாதாரண மின்னழுத்தத்திலேயே வில்லை எரிந்துவிடும். அந்த கேப்தான் அதன் பலவீனமும். சீல் கசிந்து ஈரம் புகுந்தால் பொறி பாயும் அளவு மாறிவிடும், வெளியே பீங்கான் பளபளவென்றே இருக்கும்.

கேப் இல்லாதது எப்போதும் லைனோடு இணைந்திருக்கிறது. தேர்வில் தவறினால் தப்பாது. 110 கே.வி. லைனில் கம்பிகளுக்கிடையே வரக்கூடிய அதிகபட்ச மின்னழுத்தம் 123 கே.வி., பேஸுக்கும் (மூன்று லைன் கம்பிகளில் ஒன்றுக்கும்) எர்த்துக்கும் 71. நியூட்ரல் (மூன்று பேஸும் சேரும் பொதுப் புள்ளி) நன்றாக எர்த் ஆன அமைப்பில் ஒரு பேஸ் எர்த் ஆனால் மற்றவை சுமார் 1.4 மடங்கு, அதாவது 99 வரை ஏறும். 96 கே.வி. ரேட்டிங் உள்ளது, சற்று மேலான இந்த அளவையும் அந்தச் சில விநாடிகளுக்குத் தாங்கும். நியூட்ரல் எர்த் ஆகாத அமைப்பிலோ 123 மணிக்கணக்கில் நிற்கலாம். அங்கே இதே எல்.ஏ. சூடேறி வெடிக்கும்.

இனி, எதை வாங்கினாலும் வைக்கும் இடம் சரியில்லையென்றால் பயனில்லை. எல்.ஏ. முனையில் எஞ்சும் மின்னழுத்தம் 250 கே.வி., சர்ஜ் மைக்ரோ செகண்டுக்கு 1000 கே.வி. ஏறுகிறது என்று வைப்போம். தூரத்தை இரட்டித்து, அலை வேகமான 300 மீட்டரால் (ஒரு மைக்ரோ செகண்டுக்கு) வகுத்து, ஏறும் வேகத்தால் பெருக்குங்கள். 10 மீட்டரில் 67 கே.வி. கூடி டிரான்ஸ்பார்மரில் 317. 40 மீட்டரில் 517! 550 கே.வி. வரை தாங்கும் இன்சுலேஷனுக்கு 15 சதவீதப் பாதுகாப்பு மிச்சம் விட்டால் எல்லை 478தான். கேன்ட்ரி (லைன் துணைமின்நிலையத்துக்குள் நுழையும் இரும்புச் சட்டம்) அருகே வைத்தது லைன் பக்கத்துக் கருவிகளைக் காக்கும். டிரான்ஸ்பார்மருக்குத் தனி செட் வேண்டும்.

எர்த் லீடும் இதே கணக்கில் சேரும். மீட்டருக்கு சுமார் 1 மைக்ரோ ஹென்றி. மைக்ரோ செகண்டுக்கு 10 கிலோ ஆம்பியர் ஏறினால் மீட்டருக்கு 10 கே.வி. சுருட்டி வைக்காமல் நேராக இறக்கி, டிரான்ஸ்பார்மர் டேங்க் எர்த்தோடும் இணைக்க வேண்டும்.

கண்காணிப்பில் கேப் இல்லாததே மேல். கசிவு கரண்ட்டின் மூன்றாம் ஹார்மோனிக்கை (லைன் அதிர்வெண்ணின் மூன்று மடங்கில் வரும் பகுதியை) அளந்தால் வில்லை முதுமையடைவது முன்கூட்டியே தெரியும். ஒரு அளவை வைத்து முடிவெடுக்காமல் வருடாவருடம் ஒப்பிடுங்கள். எல்.ஏ.வின் அடியிலுள்ள இன்சுலேட்டிங் பீடம் அழுக்காலோ போல்ட் உரசலாலோ ஷார்ட் ஆனால் கசிவு, எர்த் லீடிலுள்ள கவுன்டர் மீட்டரைச் சுற்றிப் போய்விடும், மீட்டர் பொய்யாக நல்ல அளவு காட்டும்.

பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டும்போது புஷ்ஷிங் ராட் கேப்பையும் பாருங்கள். அது நெருக்கமாக இருந்தால் எல்.ஏ.வுக்கு முன்பே பாய்ந்து பிரேக்கரைத் தட்டிவிடும்.