‘ஃபைட்’ என்ற ஒரு வினையும் ஆக்ஸ்போர்டு கற்போர் அகராதியும்

‘ஃபைட்’ என்றால் சண்டை போடு. இதற்குப் போய் அகராதியா என்று கேட்கலாம். பொருளுக்குத் தேவையில்லைதான். காலை வாருவது அதன் பின்னால் ஒட்டிவரும் ‘வித்’, ‘ஃபார்’, ‘ஓவர்’ போன்ற சிறு சொற்கள். ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதியின் இலவச இணையப் பதிப்பு கைகொடுப்பதும் அங்கேதான்.

ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி 1942இல் அங்கே வெளியிட்ட அகராதியே இதன் மூலம். 1948இல் அது ஆக்ஸ்போர்டு வெளியீடாயிற்று. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்காகவே எழுந்த அகராதி என்பதால், பொருளோடு ஒரு வினை வாக்கியத்தில் எப்படி உட்காரும் என்பதையும் சொல்கிறது. விளக்கத்துக்கு முன்னால் சிறிய எழுத்தில் வரும் குறிப்பைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அது செயப்படுபொருள் குன்றிய வினையா, குன்றா வினையா என்று சொல்லும் இடம். ‘ஃபைட்’ இரண்டுமாக வரும்.

தமிழில் ‘தேர்தலில் போட்டியிட்டார்’ என்கிறோம். அந்த ‘இல்’ நம்மை ‘இன்’ போட வைக்கும். ஆங்கிலத்தில் ‘ஃபைட் அன் எலெக்‌ஷன்’தான், இடையில் எதுவும் வேண்டாம். ‘ஃபைட் எ ஃபயர்’ என்பதும் அப்படியே. ஊழலை எதிர்ப்பதற்கு மட்டும் ‘ஃபைட் கரப்ஷன்’, ‘ஃபைட் அகெய்ன்ஸ்ட் கரப்ஷன்’ இரண்டும் செல்லும்.

பெரிய பள்ளம் ‘ஃபைட் வித்’. எதிரியோடு மோதினாலும் ‘வித்’, நண்பனோடு சேர்ந்து மோதினாலும் ‘வித்’. ‘படையுடன் போரிட்டான்’ என்ற தமிழிலும் இதே குழப்பம் இருப்பதால் நம் கண்ணுக்கு அது தட்டுப்படுவதே இல்லை. எதிரி என்றால் ‘அகெய்ன்ஸ்ட்’, கூட்டாளி என்றால் ‘அலாங்சைட்’ என்று எழுதிவிட்டால் சிக்கல் தீரும். வீட்டுச் சண்டைக்கு ‘வித்’ போதும், அங்கே யாரும் தவறாகப் படிக்க மாட்டார்கள்.

எதற்காகப் போராடுகிறோமோ அதற்கு ‘ஃபார்’. இருவர் ஒரே பொருளுக்கு அடித்துக்கொண்டால் ‘ஓவர்’. வாய்ச்சண்டையின் காரணத்தைச் சொல்ல ‘அபவுட்’ வரலாம், ‘ஓவர்’ வந்தாலும் பிழையில்லை.

இறந்தகாலம் ‘ஃபாட்’. ‘ஃபைட்டட்’ என்ற வடிவமே கிடையாது. எழுத்தில் ஜி, எச் இருந்தாலும் ஒலியில் இல்லை. அகராதியில் சொல்லருகே வரும் ஒலிபெருக்கிப் படங்கள் இரண்டில் ஒன்று பிரிட்டிஷ் ஒலி, மற்றது அமெரிக்க ஒலி. கோட்டையைக் குறிக்கும் ‘ஃபோர்ட்’ என்ற சொல்லையும் தேடி, ‘ஃபாட்’, ‘ஃபோர்ட்’ இரண்டின் பிரிட்டிஷ் ஒலியையும் அடுத்தடுத்து கேளுங்கள்: ஒன்றேபோல் இருக்கும். அமெரிக்க ஒலியில் கோட்டைக்கு மட்டும் ‘ர்’ கேட்கும். காதால் கேட்டு எழுதுபவர்கள் எழுத்துக்கூட்டலில் தடுமாறுவது இதனால்தான்.

குறைகளும் உண்டு. விளக்கம் முழுக்க ஆங்கிலம். போர், மல்லுக்கட்டு, போராட்டம், வாக்குவாதம் என்று தமிழ் பிரித்து வைத்திருப்பதையெல்லாம் ‘ஃபைட்’ ஒன்றே சுமக்கிறது. எந்தப் பொருளுக்கு எந்தத் தமிழ்ச்சொல் என்பதை வாசிப்பவரே பொருத்திக்கொள்ள வேண்டும். தொடக்கநிலையில் இருப்பவருக்கு இது கடினம். ஆனால் நான்கு தமிழ்ச் சொற்களை ஒரே வரியில் கொட்டிவிட்டுப் போகும் இருமொழிச் செயலிகளும் இதற்கு மாற்றல்ல. இலவசப் பக்கத்தில் விளம்பரங்களும் குறுக்கிடும்.

பலர் பக்கத்தின் அடிவரை போவதில்லை. வினையோடு சிறு சொல் சேர்ந்து தனிப்பொருள் தரும் தொடர்வினைகள் கிடப்பது அங்கேதான். ‘ஃபைட் பேக்’ தனியாக வந்தால் திருப்பித் தாக்கு. பின்னால் கண்ணீர் வந்தால் அதை அடக்கு. ‘ஃபைட் ஆஃப்’ சளியையும் விரட்டும், திருடனையும் விரட்டும். மரபுத்தொடர்களில் ‘ஃபைட் ஷை ஆஃப்’ தனி ரகம்: சண்டையே இல்லை, ஒதுங்கிப் போவது என்று பொருள்.